காற்று

மத சுதந்திரம் பற்றி விசாரிக்க வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் அதிகாரி லிந்துலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். கூரையில்லாத ஜெபவீட்டின் முன் அந்தோனியம்மா நின்றாள். தோட்டத்துச் சுதாகரன்தான் மொழிபெயர்ப்பாளன்.

"யாரு ஒடைச்சதுன்னு கேக்குறாங்கக்கா."

"கும்பலா வந்தாங்க. முன்னால நின்னவன் கூரைத் தகரத்தைப் பிடுங்கி எங்க வீட்டுக்காரரு மண்டையில அடிச்சான்."

சுதாகரன் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். அதிகாரி வானத்தைக் காட்டி, வாயால் ஊதி, "பெருங்காற்றா?" என்பதுபோல் பரிதாபப்பட்டார்.

அந்தோனியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சுதாகரனின் கையைப் பிடித்து அவர் முன் இழுத்தாள்.

"காத்து இல்லம்மா. இவன்தான்."

"என்ன சொல்கிறார்?" என்று அதிகாரி அவனிடமே கேட்டார்.

"புதுக் கூரை போட்டுத் தரப்போவது நான்தானாம்."

அதிகாரி நெகிழ்ந்துபோய் அவன் கையைக் குலுக்கினார்.