அம்மன் கொடுத்த பூ

"மில்லுப் பங்கை இப்பவே வித்துப் போடலாம், மருதா. சீமையில விலையெல்லாம் சரியுதாம்" என்றார் ரத்தினசாமி.

"அது புள்ள கல்யாணத்துக்குன்னு வெச்சதுங்க. வாரத்துக்கு வாரம் வாங்கி விக்கறதுக்குத்தான் தேயிலைக் கம்பெனிப் பங்கு இருக்குதே. இதைத் தொடறதுன்னா அம்மங்கிட்டப் பூக் கேட்டுப் போடலாங்க" என்றாள் மனைவி மருதாத்தாள்.

கொழிஞ்சாம்பாறை மாரியம்மன் கோயிலில், வாழையிலைத் துண்டுகளில் ரத்தினசாமியே இரண்டு பொட்டலம் கட்டினார். வெள்ளை அரளி வந்தால் பங்கை வைத்திருக்க வேண்டும். செவ்வரளி வந்தால் விற்கலாம். பொட்டலங்களை மருதாத்தாள் கையில் கொடுத்துவிட்டுக் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

அவர் திரும்பி வந்ததும், பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

ரத்தினசாமி சன்னதியிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"தாயே, மன்னிச்சுப் போடு! மில்லுப் பங்கைப் போன மாசமே வித்துத் தேயிலையில போட்டேன், அத்தனையும் போச்சு! நீ சொல்லித்தான் வித்தேன்னு பழியை உம்மேல போடறதுக்கு ரெண்டுலயும் செவப்பையே வெச்சுக் கட்டினேன். அதை வெள்ளையாக்கிக் காட்டிட்டியே, தாயே!"

மருதாத்தாள் மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அதிலும் வெள்ளை.

"பூக் கட்டறப்பவே உங்க கை நடுங்குச்சுங்க" என்றாள்.