ஒச்சப்பனின் திருப்புளி

"என் வீட்டுக் கதவைக் கழற்றினது யாரு?"

சித்ரா போட்ட சத்தத்தில் எங்கள் வரிசையின் எட்டு வீடுகளும் வெளியே வந்துவிட்டன. எங்கள் தீவின் கேம்பல் பேயில் சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீடுகள்.

பின்பக்கக் குழாயடியில் துணி துவைத்துவிட்டு வந்திருக்கிறாள். வாசலில் மரத்தூள். அவளுடைய நீலக் கதவில் வேறு கீல்கள் பளபளத்தன.

கடைசி வீட்டு ஒச்சப்பன் கையில் திருப்புளியோடு முன்னால் வந்தார்.

"நான்தான், தங்கச்சி. கீல் துருப்பிடிச்சு, கதவு தரையில உரசுச்சு..."

"உரசினா என்ன? திறக்குது, மூடுது. நான் உங்களைக் கூப்பிட்டேனா?"

"பெரிசா பூமி ஆடினா நிலை கோணிக்கும். கதவு பிடிச்சுக்கும்."

"போன மாசமும்தான் ஆடுச்சு. திறக்கலையா?"

பக்கத்து வீட்டு விஜயன் சிரித்தான். "அவர் கை சும்மா இருக்காதும்மா. என் வீட்டு ஃபேன் நல்லாத்தான் சுத்திக்கிட்டு இருந்துச்சு. அதையும் இறக்கி ஏத்தினாரு."

அவன் மனைவி ராணி சித்ராவின் காதருகில் சொன்னாள். "சரக்குக் கப்பல் வந்து இருபது நாளாச்சு. கடையில ஒரு ஆணிகூட இல்லை. இவருக்கு மட்டும் கீல் எங்கிருந்து கிடைக்குது?"

சித்ராவின் புருஷன் தேவேந்திரனுக்குக் கப்பலில் வேலை. மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மெயின்லேண்டிலிருந்து வந்த அவளுக்கு இங்கே வேறு யாரும் இல்லை. உள்ளே தொட்டிலில் குழந்தை தூங்கும்போது தனியாக வாழும் ஆள் ஒருவர் வந்து கதவைக் கழற்றி மாட்டியிருக்கிறார்.

"அந்தத் திருப்புளியை இப்படிக் கொடுங்க. இல்லேன்னா போலீசுக்குப் போவேன்."

ஒச்சப்பன் கொடுத்தார். அவள் அதைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் போட்டாள். அன்று முழுக்கத் தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

நான்காம் நாள், 2012 ஏப்ரலில் ஒரு மத்தியானம், தரை ஆடியது.

தொட்டில் சுவரில் போய் இடித்தது. குழந்தையை வாரிக்கொண்டு கதவை இழுத்தாள். ஒரே இழுப்பில் திறந்தது.

"பாகோ! மேட்டுக்கு பாகோ!" ஓடச் சொல்லி யாரோ இந்தியில் கத்தினார்கள்.

எல்லோரும் ஓடினோம். திரும்பிக் கடலைப் பார்க்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. ஏழு வருஷம் முன்னால் சுனாமியில் பார்த்தது போதும்.

கடைசி வீட்டைத் தாண்டும்போது உள்ளே கதவை இடிக்கும் சத்தம். சித்ரா நின்றுவிட்டாள்.

"அண்ணே!"

"கதவு பிடிச்சுக்கிச்சு! நீ நிக்காதே தங்கச்சி, புள்ளையைத் தூக்கிட்டு மேட்டுக்குப் போ!"

விஜயன் ஓடி வந்து கதவை உதைத்தான். அசையவில்லை. ஜன்னலிலோ இரும்புக் கம்பி.

சித்ரா குழந்தையை ராணியின் கையில் திணித்துவிட்டு வந்த வழியே ஓடினாள்.

"அடியே, எங்கே போறே? தண்ணி வந்துடும்!"

பெட்டியைக் கவிழ்த்துத் திருப்புளியை எடுத்து வந்து ஜன்னல் கம்பி வழியாக நீட்டினாள். உள்ளே திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. அவள் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள். ஆறாவது கழன்றதும் விஜயன் உதைத்த உதையில் கதவு உள்பக்கம் சாய்ந்தது.

கடல் அன்று வரவில்லை. சாயங்காலம் ஆபத்து இல்லை என்று அறிவித்த பிறகு கீழே இறங்கினோம்.

விழுந்து கிடந்த கதவைப் பார்த்து விஜயன் சொன்னான். "ஊர்க் கதவையெல்லாம் நோண்டினீங்க. உங்க கதவை விட்டுட்டீங்களே!"

ஒச்சப்பன் சிரித்தார்.

சித்ரா குனிந்து, தரையில் கிடந்த கீல் ஒன்றைக் கையில் எடுத்தாள். முழுக்கத் துரு. ஓரத்தில் மட்டும் அவள் வீட்டுக் கதவின் நீலப் பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருந்தது.