வெள்ளரிக்காய் என்றால் நிறுத்து

கதவை உதைத்துக்கொண்டு வந்தவன் முதலில் மருந்து மேஜையைக் கவிழ்த்தான். தட்டு சுவரில் மோதி விழுந்து, ஊசிகள் தரையெங்கும் சிதறின. அடுத்த நொடி அங்கே நின்ற நர்ஸின் காலரைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சாத்தியிருந்தான்.

"என் தம்பி எங்கடி?"

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பேராசிரியை, பெருமை வழியக் கல்லூரி முதல்வரைத் திரும்பிப் பார்த்தார்.

பதறாதீர்கள், நடப்பது பாடம். ஆத்திரத்தில் கைநீட்டும் உறவினரை எப்படிச் சமாளிப்பது என்று புத்தகத்தைப் படித்து ஒப்பிக்காமல், ஒரு நாடக நடிகரை உள்ளே விட்டு மாணவியை நேரிலேயே வாங்கிக் கட்டிக்கொள்ள வைக்கும் புதுமுறை. கட்டிலில் நோயாளிக்குப் பதில், கணினி சொன்னபடி மூச்சு விடும் ரப்பர் பொம்மை. மற்ற மாணவிகள் பக்கத்து வகுப்பில் திரையில் பார்ப்பார்கள்.

கல்லூரிக்குக் கீழ்த்தளம்தான் மருத்துவமனை. அங்குள்ள அவசரப் பிரிவை இந்த அறையில் உரித்து வைத்திருந்தார் பேராசிரியை. அதே பச்சைத் திரை, அதே மருந்து வாடை, வாசலில் அதே சிவப்புப் பலகை. முதல்வருக்கு இதெல்லாம் வேண்டாத வேலை. இன்றைக்கு அவருக்குப் பிடிக்காவிட்டால் அறையில் பழையபடி பெஞ்சுகள் வந்துவிடும். காலையிலிருந்தே பேராசிரியைக்கு அந்தப் பயம்.

உள்ளே நர்ஸாக நின்ற மாணவிக்கு வகுப்பில் 'பூனை' என்று பெயர். இருக்கிற இடம் தெரியாத பெண். 'விடுங்க', 'ஐயோ' எல்லாம் நடிப்பிலும் வரும் என்பதால், பாடத்தை நிஜமாகவே நிறுத்த ஒரு தனி வார்த்தை வைத்திருந்தார்கள். அடிதடியில் யாரும் வாய்தவறியும் சொல்லாத 'வெள்ளரிக்காய்'. மாணவிகளே சிரித்துச் சிரித்துத் தேர்ந்தெடுத்தது. அது காதில் விழுந்தால் நடிகர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட வேண்டும்.

போன தடவை நடிகர் முறைத்ததுமே பூனை வெள்ளரிக்காய் சொல்லித் தோற்றுப் போனாள். இந்தத் தடவையும் சொன்னால் ஒரு வருஷம் வீண். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மாவைத் தேடி வர்றதாத்தானே எழுதியிருந்தீங்க? இவர் தம்பிங்கறாரே?" என்றார் முதல்வர்.

வழக்கமாக வருபவருக்குக் காய்ச்சல், நாடகக் குழு வேறு ஆளை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறது, நல்ல நடிகன் எழுதிக்கொடுத்ததை அப்படியே ஒப்பிக்க மாட்டான் என்று பேராசிரியை சமாளித்தார்.

உள்ளே பளாரென்று ஓர் அறை விழுந்தது. பூனையின் தலை சுவரில் இடித்துத் திரும்பியது. முதல்வர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். மேடையில் அடிப்பதுபோல் சத்தம் வரவைப்பது ஒரு தந்திரம் சார் என்று அவரை உட்கார வைத்தார் பேராசிரியை. உதட்டோரம் வழிந்த சிவப்புக்கும் அந்த ஆள் ஏதாவது ஏற்பாட்டோடு வந்திருப்பான் என்று தனக்கும் சொல்லிக்கொண்டார்.

பூனை உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். குரலை இறக்கினாள். எல்லாம் சொல்லிக்கொடுத்தபடியே.

"அண்ணா, உங்க கோபம் நியாயம்தான். தம்பி பேரைச் சொல்லுங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

பேராசிரியை முழு மதிப்பெண் போட்டார்.

"செத்துட்டான்னு சொல்றீங்க. மூஞ்சியைக் காட்டுன்னா மாடிக்கும் கீழுக்கும் அலைய விடுறீங்க."

சொல்லிக்கொண்டே அவன் கட்டிலின் போர்வையை உருவி எறிந்தான். ரப்பர் பொம்மை கண்ணைத் திறந்தபடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்தான். அவன் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது.

"பொம்மையைப் படுக்க வெச்சிருக்கீங்களா? என் தம்பிக்குப் பதிலா பொம்மையா?"

முதல்வர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து வகுப்பில் கைதட்டல் கேட்டது. பொம்மையைத் தொடவே கூடாது என்பது கண்டிப்பான விதி. பேராசிரியைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் முதல்வர் இந்த அறைக்குள் சிரித்தது இதுதான் முதல் முறை. ஓடட்டும் என்று விட்டுவிட்டார்.

பூனை மட்டும் சிரிக்கவில்லை. அவன் கண்ணை அவள்தான் பக்கத்தில் பார்த்தாள். முகம் வெளிறிப் பின்வாங்கினாள்.

அவன் குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பியைப் பிடுங்கி ஓங்கினான். முகத்துக்கு முன்னால் அவள் தூக்கிய கையில் அது இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது.

"வெள்ளரிக்காய்!" என்று அலறினாள் பூனை. விழுந்த இடத்திலிருந்து இன்னொரு தடவை, அழுகையோடு, "வெள்ளரிக்காய்ண்ணா..."

"என்னடி உளர்றே?" என்றவன் கம்பியை மறுபடி தூக்கினான்.

பேராசிரியை மைக்கை அழுத்தினார். "சார், வார்த்தையைச் சொல்லியாச்சு. போதும், உட்காருங்க."

அவன் குரல் வந்த திசை புரியாமல் கூரையைப் பார்த்தான். பிறகு குனிந்து பூனையின் தலைமுடியைப் பிடித்தான்.

பேராசிரியை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுவதற்குள் பின்னால் கதவு திறந்தது. மூச்சு வாங்க ஓர் ஒல்லி மனிதர் நின்றிருந்தார். படிய வாரிய தலை, கையில் சுருட்டிய வசனக் காகிதம்.

"மன்னிச்சுக்கோங்க மேடம், பஸ்ஸு லேட்டு. நான் எப்ப உள்ள போகணும்?"