அவன் உறங்கிய கோடை

காட்டுத்தீ சுற்றி எரிந்தாலும் எக்கிட்னா என்ற முள்விலங்கு மண்ணுக்குள் உடல் குளிர்ந்து உறங்கி உயிர் பிழைத்துக்கொள்ளும். அந்த உறக்கம் இப்போது ஆஸ்திரேலியாவின் மில்டுரா நகரத்தில் ஊசியாகவே கிடைத்தது. கோடை வந்ததும் கொல்லும் வெயிலுக்குத் தப்ப வீடு வீடாகப் போட்டுக்கொண்டு நாற்பது நாள் படுத்துவிடுவார்கள். நடுவில் எழுப்பினால் இதயம் நின்றுவிடும். கைக்குழந்தைகளுக்கு மட்டும் அந்த ஊசி கூடாது. ஆகவே எட்டு மாத மகளுக்காகச் சாருலதா விழித்திருந்தாள். கணவன் பரிதி உறங்கினான்.

நாற்பதாம் நாள் அவன் கண் திறந்தான்.

"என்ன சாரு, தாடி வளந்ததும் புருஷனை அடையாளம் தெரியலையா? எங்க என் குட்டி ராட்சசி?"

"பாப்பா இல்லைங்க. பதினொண்ணாம் நாள் ஏசி நின்னுபோச்சு. வந்து பார்க்க நம்ம தெருவுல ஒருத்தரும் முழிச்சிருக்கல."

பரிதி தரையில் விழுந்து கதறினான். அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்ட சாருலதாவின் கண்கள் வறண்டே இருந்தன.

"உனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரலையாடி?"

அதன்பிறகு வந்த இருபத்தொன்பது நாளும் அவனுடைய சில்லிட்ட நெஞ்சில் முகம் புதைத்து அவள் அழுதிருந்தாள். அவனை உலுக்கி எழுப்ப நீண்ட கையை ஒவ்வொரு முறையும் தானே இழுத்துக்கொண்டாள்.

"நான் அழுது முடிச்சுட்டேங்க" என்றாள். "நீங்க அழுங்க. உங்களுக்காவது பக்கத்துல நான் முழிச்சிருக்கேன்."