வீட்ல சார் எப்படி இருக்காங்க?

காதுக்குள் பீப் என்று ஒரு சத்தம் கேட்டது. போன் பேச்சுக்கு நடுவே வேறு யாரோ கூப்பிடுகிறார்கள்.

அவள் கண்டுகொள்ளவில்லை. காலையிலிருந்து பர்சனல் லோன்காரன் கூப்பிட்டாயிற்று. கிரெடிட் கார்டுகாரன் கூப்பிட்டாயிற்று. இதுவும் அந்த வகையறாவாகத்தான் இருக்கும். கத்தட்டும்.

"சொல்லுங்க மேடம், லைன்லதான் இருக்கேன்" என்றது மறுமுனையில் அந்தப் பெண். பெயர் சிந்துஜாவாம். மருத்துவக் காப்பீடு விற்கிறாள்.

மற்ற நாளென்றால் இந்த மாதிரி அழைப்புக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். வேண்டாம் என்றால் விடமாட்டார்கள். இன்றைக்கே கடைசி என்பார்கள். துண்டித்தால் வேறு எண்ணிலிருந்து வருவார்கள். நிம்மதியாக ஒரு ரசம் வைக்க விடாத ஜென்மங்கள் என்று மனசுக்குள் வைதுகொண்டுதான் எடுப்பாள்.

எடுக்காமலும் இருக்க முடியாது.

அவள் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. மூளைச்சாவு அடைந்த யாருடையதாவது பொருந்தி வர வேண்டும். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் பதிந்து வைத்திருக்கிறார்கள். பதிந்த அன்றே நர்ஸம்மா படித்துப் படித்துச் சொன்னாள்.

"போன் கையிலயே இருக்கணும்மா. கூப்பிடுறப்போ நீங்க கிடைக்கலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்."

அன்றிலிருந்து குளிக்கப் போனாலும் கதவோரம் போன். தெரியாத எண் எதையும் அவள் விட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு திக்கென்னும். ஒவ்வொரு தடவையும் எவனாவது, லோன் வேணுமா மேடம் என்பான்.

இன்றைக்கு அப்படி இல்லை.

"வீட்ல சார் எப்படி இருக்காங்க மேடம்?" என்று கேட்டுவிட்டது அந்தப் பெண்.

எழுதிக் கொடுத்ததைத்தான் படிக்கிறாள். அது இவளுக்கும் தெரியும். ஊருக்கெல்லாம் இதே கேள்வி, இதே குரல்.

தெரிந்தும் போனை வைக்க மனசு வரவில்லை.

யார் அதைக் கேட்டார்கள்? கிட்னி வேண்டும் என்று தெரிந்த நாளோடு சொந்தபந்தம் அத்தனையும் வாயை மூடிக்கொண்டது. விசாரித்தால் எங்கே தங்களிடம் கேட்டுவிடுவார்களோ என்ற பயம். இவள் தன்னுடையதைக் கொடுக்கத்தான் போனாள். சர்க்கரை இருக்கிறது, ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூடப்பிறந்த தம்பி தீபாவளிக்குக்கூடக் கூப்பிடவில்லை. நாத்தனார் தன் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கூரியரில் அனுப்பினாள். நேரில் வந்து தட்டு நீட்டினால் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே!

அதனால்தான் சொல்ல ஆரம்பித்தாள். டயாலிசிஸ் முடிந்து வந்தால் வாடிய கீரைக்கட்டு மாதிரி அவர் துவண்டு கிடப்பது. நாக்கு வறண்டாலும் அளந்துதான் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது. எல்லாவற்றையும் கொட்டினாள்.

அந்தப் பெண்ணும் காரியத்திலேயே கண்ணாக இருந்தாள். "அச்சச்சோ மேடம். அதுக்குத்தான் மேடம் சொல்றேன், உங்க பேர்லயாவது எடுத்துருங்க. இந்த ஆஃபர் இன்னிக்கு மட்டும்தான்" என்று நடுநடுவே இழுத்தாள்.

இழுக்கட்டும். கேட்க ஒரு காது இருந்ததே, அது போதும்.

மறுபடியும் பீப். மறுபடியும்.

பிறகு நின்றுவிட்டது.

அவர் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய போனை இவள்தான் அணைத்து வைத்திருந்தாள். விற்கிறவர்கள் தொல்லையில் மனுஷன் கண்ணயர முடியவில்லையே என்று.

கடைசியில், "பாலிசியெல்லாம் வேண்டாம்மா" என்றாள். அந்தப் பக்கம் சட்டென்று துண்டித்துவிட்டார்கள். வைக்கிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை.

அப்போதுதான் திரையைப் பார்த்தாள். மதுரை எண். அடுத்தடுத்து வந்திருக்கிறது.

உடனே திருப்பி அடித்தாள்.

"எங்கம்மா போனீங்க?" நர்ஸம்மாதான். "உங்க நம்பர் பிஸியாவே இருக்கு. சார் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். எவ்வளவு நேரம்மா பார்க்கிறது? அடுத்தவங்களுக்குச் சொல்லியாச்சு."

"இந்தா கிளம்பிட்டோம்மா. கார் பிடிச்சு வந்துடுறோம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அவங்க வந்துக்கிட்டு இருக்காங்கம்மா." நர்ஸம்மா குரல் தணிந்தது. "உங்க பேரு அப்படியேதான் இருக்கு. அடுத்து வர்றப்போ கூப்பிடுறோம்."

அடுத்து எப்போது என்று அவள் கேட்கவில்லை. அதற்கு யாரோ ஒருவர் வீட்டில் சாவு விழ வேண்டும்.

படுபாவி, படுபாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள். யாரைச் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் விழித்துவிடப் போகிறாரே என்று சத்தம் வராமல் அழுதாள்.

உள்ளே கட்டில் அசைந்தது.

"போன்ல யாரு? ரொம்ப நேரமாப் பேசிக்கிட்டிருந்தியே."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அறை வாசலில் போய் நின்றாள்.

"இன்சூரன்ஸ் விக்கிற பொண்ணுங்க."

"அதுகிட்டயா இவ்வளவு நேரம்? பாவம், திட்டித் தீத்துட்டியா?"

"இல்லீங்க. நல்ல பொண்ணு. நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்டுச்சு."

அவர் அவளையே பார்த்தார். வீங்கிப்போன முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. அவர் சிரித்து வெகு நாளாயிற்று.

"பரவாயில்லையே! நம்மளைக் கேக்கவும் ஒரு ஆளு இருக்கு. என்னன்னு சொன்ன?"

"நல்லா இருக்காருன்னு சொன்னேங்க" என்றாள்.