பதினேழாம் எண்ணின் உப்பு

தொட்டிலைச் சுற்றி ஒன்பது வெள்ளைக் கோட்டுகள். பெற்றவளுக்குச் சுவரோரம்தான் இடம்.

ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டவன். தொடையிடுக்கில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பை ஒட்டியிருந்தது. அவன் பெய்கிற ஒவ்வொரு சொட்டும் அதில் விழும். பையிலிருந்து பாட்டிலுக்கு. பாட்டிலிலிருந்து ஆய்வகத்துக்கு.

பையை உரிக்கும்போதெல்லாம் கொஞ்சம் தோலும் கூட வந்தது.

இன்னும் பெயர் வைக்கவில்லை. பாட்டிலில் மட்டும் பதினேழு.

துறைத்தலைவர் செருமினார். அவர் செருமினால் மற்ற எட்டுப் பேரும் நோட்டைத் திறக்க வேண்டும்.

"நிறைமாசக் குழந்தை உப்பைப் பிடிச்சு வெச்சுக்கும். குறைமாசம் கொட்டித் தீர்த்துடும். விடாதே, பிடின்னு ஹார்மோன் கத்துது. கிட்னி காதுலயே வாங்கல. நாப்பது குழந்தையில இவன்தான் டாப். கிராஃப்ல உச்சியில நிப்பான். பியூட்டிஃபுல்!"

உச்சியில் நிற்கிறவன் கண் திறக்கவில்லை. மூன்று நாளாக அழவும் இல்லை.

"இவன் குழந்தை இல்லய்யா, உப்பளம்."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். சீனியர்கள் முதலில்.

அவள் சிரிக்கவில்லை. இவனை வயிற்றில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் உப்பளத்தில் உப்பு வாரியவள்.

"சார், வரப்பு ஒடைஞ்ச பாத்தி மாரி எல்லாம் வெளிய போவுதுன்னு சொல்லுதிய. சரி. உள்ள எவ்வளவு சார் கெடக்கு?"

இதை யாரும் நோட்டில் எழுதவில்லை.

அவர் அவளைப் பார்க்கவில்லை. சிஸ்டரைப் பார்த்தார்.

"இந்தம்மாவை யாரு உள்ள விட்டது? இன்னும் மூணு பாட்டில் யூரின் சேர்றவரைக்கும் இவனுக்கு ஒருத்தரும் உப்பு ஏத்தக் கூடாது. என் ஸ்டடி கெட்டுப்போகும்."

அடுத்த தொட்டிலுக்குப் போனார்கள்.

சிஸ்டர் ஜெபக்கனி கேஸ் ஷீட்டைப் புரட்டினாள். சிறுநீருக்கு ஆறு பக்கம், நெருக்கி எழுதியிருந்தது. ரத்தப் பரிசோதனைக்கான பக்கம் ஐந்து நாளாகக் காலி.

கடைசிக் கோட்டும் கதவைத் தாண்டியதும் டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டாள். ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர் வாயிலிருந்த டீயை விழுங்க மறந்தார்.

அரை மணியில் டிரிப்பில் உப்பு ஏறியது.

மறுநாள், பாட்டில் லேபிளில் பதினேழின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. கீழே இங்கிலீஷில் ஒரு வரி.

படிக்கத் தெரியாத அவள் பாட்டிலோடு சிஸ்டரிடம் ஓடினாள்.

சிஸ்டர் படித்துச் சொன்னாள். ஆய்விலிருந்து நீக்கம். காரணம்: உப்பு கொடுக்கப்பட்டது.

சிஸ்டருக்கு ஒரு மெமோவும் வந்தது. அருமையான ஒரு புள்ளியை வீணாக்கியதற்கு விளக்கம் கேட்டு.

வீணாய்ப் போன புள்ளி மூன்றாம் நாள் அழுதது. வார்டே திரும்பிப் பார்க்கிற அழுகை.

அவள் அதை அள்ளி மாரில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பக்கத்துத் தொட்டிலில் ஒரு புதுக் குழந்தை. புதுப் பை. பாட்டிலில் பதினேழு.

ஒன்பது வெள்ளைக் கோட்டுகள் வந்துகொண்டிருந்தன. அதைப் பெற்றவள் சுவரோரம் ஒதுங்கினாள்.

உப்பு வாரியவள் தன் மகனோடு எழுந்து போய் அவளருகே அந்தச் சுவரோரம் நின்றாள்.