பட்டையைக் கழற்றிய பிறகும்

"எண்ணிக்குங்க. நான், என் சம்சாரம், மீட்டர் மேடம், ஆபீஸ் சார். நாலு பேர் சாட்சி! இந்தப் பட்டை என் உயிரை வாங்குதுன்னு இன்னிக்குத் தெரிஞ்சுடும்."

தலைவலிக்காரர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அவர் போட்ட மனுவால்தான் இந்தக் கூட்டம். கதிர்வீச்சு அதிகம் என்று தெரிந்தால் பட்டையை ஒரேயடியாகக் கழற்றிவிடலாம். இல்லையென்றால் இன்னும் எட்டு மாதம் அதோடுதான் குடித்தனம்.

சோதனைக்கூடத்துப் பெண் மீட்டரை எடுத்தாள். அவளுக்கு மனிதர்களைவிட அலைகள்மேல்தான் ஆர்வம். யாருக்கு, எதற்குப் பட்டை என்றெல்லாம் அவள் விசாரிக்கவில்லை.

"எல்லாரும் போனை ஆஃப் பண்ணுங்க. இல்லன்னா அளவு தப்பாயிடும்."

மூன்று போன்கள் அணைந்தன.

"சார், உங்களுது?"

"எனக்கு ஏது மேடம் போன்? தொட்டே நாலு மாசமாச்சு."

ஆபீஸ்காரர் குனிந்து பட்டையைக் கழற்றினார். அவள் அதை எவர்சில்வர் டப்பாவில் போட்டு அழுத்தி மூடினாள். பட்டை இல்லாத வீட்டை முதலில் அளக்க வேண்டும்.

மீட்டர் கீச்சிட்டது.

"பாத்தீங்களா! கழட்டின பிறகும் கத்துது. உடம்பு பூரா ஏறிடுச்சு!"

"ஏறி உக்கார உங்க உடம்பு என்ன பஸ்ஸா?" என்றாள் மனைவி.

அலை உடம்பில் தங்காதே என்று மீட்டர்காரப் பெண்ணுக்குக் குழப்பம். மீட்டரை அவர் பக்கம் நீட்டினாள், சத்தம் குறைந்தது. வாசல் பக்கம் நகர்ந்தாள், கூடியது. செருப்பு அலமாரியின் முன்னால் அலறியது.

தலைவலிக்காரர் துள்ளி எழுந்தார். "போதும் மேடம். வலி விட்டுடுச்சு."

"இருங்க, வலி உங்க ஷூவுக்கு வந்திருக்கு போல," என்று மனைவி பழைய ஷூ ஒன்றுக்குள் கையை விட்டாள்.

வெளியே வந்தது ஒரு சின்னப் போன். யாரோ அழைக்க, திரை சத்தமில்லாமல் மின்னிக்கொண்டிருந்தது.

"இது யாருதுங்க?"

ஆபீஸ்காரர்தான் முதல்முறையாக வாய் திறந்தார்.

"சார், உங்க மனு ஜெயிச்சாச்சு. இனிமே உங்களுக்குப் பட்டை வேண்டாம்னு நானே எழுதிக் குடுத்துடறேன்."

மறுநாள், வீட்டுக்காவலில் திருட்டுத்தனமாகப் போன் வைத்திருந்ததற்காக, கணுக்காலில் கண்காணிப்புப் பட்டை இல்லாமல் உள்ளே நடந்த அவருக்குப் பின்னால் சிறைக் கதவு சாத்திப் பூட்டப்பட்டது.